மோல்மேன் செப்புக்குக் கழுத்து போனது

பர்மாவில் ரங்கூனை அடுத்த தன்லின் பக்கம் ஒரு கல்யாணம். மேடை என்று நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேலே கம்பளம் விரித்திருந்தார்கள். வித்தையெல்லாம் முடிந்து பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று செப்பில், அதாவது வித்தை காட்டும் மரக் கிண்ணத்தில், ஒன்று உருண்டு பெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. குனிந்து தேடுவதற்குள், பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்ட ஒரு பெரியவர் அதன் மேலேயே காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். மளுக் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் கிண்ணம் தனி, குமிழ் தனி. கிண்ணத்தில் கீறல்கூட இல்லை. கழுத்துதான் போயிருந்தது. அவர் மேல் என்ன தப்பு? சாப்பாடு முக்கியம்.

போனது மோல்மேன். என் வாத்தியார் மூன்று செப்புக்கும் ஊர்ப் பெயர் வைத்திருந்தார். இடது பக்கம் ரங்கூன், நடுவில் மாந்தலே, வலது பக்கம் மோல்மேன். "ரங்கூன்ல ஏறின பந்து, டிக்கெட் எடுக்கல, வண்டி மாறல, மாந்தலேல இறங்கி நிக்குது பாருங்க" என்று தமிழில் ஒரு தரம் சொல்லிவிட்டு அதையே பர்மியத்தில் ஒரு தரம் சொல்வார். பர்மியத்தில் வித்தைக்கு மியெத்லே என்று பெயர். கண்ணைத் திருப்புவது என்று பொருள். நம்முடைய கண்கட்டு வித்தைக்குப் பக்கத்து வீட்டுச் சொல்.

செப்பு என்றால் என்ன என்று இப்போது பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் விளையாடும் சொப்புச் சாமான் தெரியும் அல்லவா, அந்தச் சொப்பும் இதுவும் ஒன்றுதான். ஏமாற்று வேலையைச் 'செப்பிடு வித்தை' என்கிறோமே, அது இந்தக் கிண்ணத்தை இட்டுக் காட்டும் வித்தையிலிருந்து வந்த பேச்சு. மூன்று கிண்ணம், நாலைந்து துணிப் பந்து, கடைசியில் எதிர்பாராத ஒரு பொருள். வெள்ளைக்காரர்கள் இதே வித்தையை லோட்டா மாதிரி உயரமான உலோகக் குவளையில் மேசை மேல் வைத்துச் செய்கிறார்கள். நம்முடையது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்வதற்காகப் பிறந்தது. கவிழ்த்து வைத்த கிண்ணம், அதன் தலையில் ஒரு கழுத்து, கழுத்துக்கு மேல் ஒரு குமிழ். கோயில் மணியைச் சின்னதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

எனக்குச் சோறு போடுவது பெட்டி வித்தைகள்தான், அதை மறைப்பானேன். கம்பெனி ஆண்டு விழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் பெட்டிக்குள் ஆள் புகுந்து காணாமல் போனால்தான் கூலி வரும். பெட்டியின் பலம் தெரிந்ததுதான். 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் வங்காள வித்தைக்காரர் பி.சி.சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடித்த கையோடு நிகழ்ச்சி நேரம் முடிந்து படம் மாறிவிட்டது. பெண் செத்துப்போனாள் என்று பதறி ஊரெல்லாம் டெலிபோன் போட்டார்கள். செப்பில் அந்தப் பதற்றமெல்லாம் வராது. ஆனால் பெட்டியில் வேலை செய்வது தச்சன், செப்பில் வேலை செய்வது என் விரல். அதனால் எந்த நிகழ்ச்சியானாலும் ஐந்து நிமிஷம் செப்புக்கு ஒதுக்குவேன்.

வாத்தியாருக்கும் அப்படித்தான். அவரிடம் பர்மியப் பணத்தில் 75 கியாட் நோட்டை மறைய வைக்கிற வித்தை ஒன்று இருந்ததாம். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. "நான் மறைச்சா திரும்பி வரும்டா தம்பி. அவங்க மறைச்சது வரவே இல்ல" என்பார். அதோடு நோட்டு வித்தையைக் கைகழுவிவிட்டுச் செப்போடு உட்கார்ந்துவிட்டார். அவர் போனபிறகு செப்பு என் கைக்கு வந்தது.

முதலில் ஒட்டிப் பார்த்தேன். உடைந்த இரண்டு முகத்திலும் நடுவில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, மூங்கில் ஈர்க்கு ஒன்றைச் சீவிச் செருகி, அரால்டைட் வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தேன். நன்றாகத்தான் பிடித்தது. குமிழைப் பிடித்து ஆட்டினாலும் அசையவில்லை. ஆனால் கையில் எடுத்ததும் ஏதோ உறுத்தியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் நூலைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, அதே நூலை ரங்கூன் கழுத்தில் சுற்றிப் பார்த்தேன். புள்ளிகள் தாண்டி நின்றன. வெர்னியர் அளவுகோல் கடன் வாங்கி அளந்தால் ரங்கூனும் மாந்தலேயும் 9 மில்லிமீட்டர், ஒட்டிய மோல்மேன் 10. பசை பிதுங்கி வளையமாக நின்றிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததில் ஒரு பக்கம் மட்டும் 8 ஆகிவிட்டது.

ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு என்று கேட்கலாம். செப்பின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் உட்கார வேண்டும். குமிழ் விரல்களுக்கு மேலே நிற்கும். இந்தப் பிடியில் கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் வேலையே இல்லை. வேலையில்லாத விரல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் வித்தை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இவ்வளவு சொன்னதற்கே தொழில்காரர்கள் சிலர் முறைப்பார்கள். கழுத்து தடித்தால் விரல்கள் விரியும், விரல் விரிந்தால் இடுக்கு தெரியும். மெலிந்தால் செப்பு தொங்கும், தொங்குவதைத் தாங்க மற்ற விரல்கள் ஓடி வரும். ஓடி வந்த விரலில் இருப்பது கீழே விழும். எனக்கு விழுந்தது. நல்லவேளை, வீட்டில் கண்ணாடி முன்னால்.

ஆக, புதிதாகக் கடைந்துவிடுவது என்று முடிவு. ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் சபையில் எல்லோர் கண்ணும் அதன் மேலேயே நிற்கும் என்பதால் மூன்றும்.

எங்கள் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பாய் கட்டில் கால், படிக்கட்டுக் கம்பம், தொட்டில் குமிழ் எல்லாம் கடைவார். செப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த கழுத்தை நகத்தால் நெருடினார்.

"ரேகை நெட்டுக்கு ஓடுது பாத்தீங்களா தம்பி. அதனாலதான் இத்தனை வருஷம் நின்னுச்சு. குறுக்கு ரேகையில கடைஞ்சிருந்தா ஒரே மாசத்துல கழுத்து உதிர்ந்திருக்கும்."

"அப்படியே வேணும் பாய். மூணும் ஒரே மாதிரி."

"உள்ள என்ன இப்படி வரிவரியா விட்டிருக்கான்? உளி ஓட்டினவன் அவசரக்காரன் போல. நான் வழவழன்னு தேய்ச்சுத் தர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு இரண்டு மாசம் போயிற்று.

மரத்துக்குப் படவுக் என்றார் பாய். பர்மாவில் தண்ணீர்த் திருவிழாச் சமயம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுமே, அந்த மரம். நம் வேங்கைக்குச் சொந்தக்காரன். சிவப்பு ஓடிய நல்ல நிறம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலமிது. அன்று எங்கள் பகுதிக்கு இரவு ஒரு மணிக்கு வந்தது. பாய் போன் போட்டு எழுப்பினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். லேத் சுற்ற ஆரம்பித்ததும் சதுரக் கட்டை உருளையாகி, உருளையில் ஒரு இடுப்பு விழுந்து, இடுப்புக்கு மேல் குமிழ் திரண்டது. உளியை அவர் தள்ளவே இல்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மரத்தூள் மூக்கில் ஏறி எனக்கு விடாமல் தும்மல். விடிகாலையில் மூன்று செப்பு, இரட்டைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சேர்ந்தது போல, வித்தியாசமே சொல்ல முடியாமல் நின்றன. உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததில் ஒவ்வொன்றாகப் பல்லிளித்தன.

முதலில் கனம். பழைய செப்பு 38 கிராம், புதியது 63. படவுக் தேக்கைவிடக் கனம் என்பது ஒன்று. சுவர் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 7 இருந்தது இன்னொன்று. மெலிதாகக் கடைந்தால் விண்டுவிடும் என்று பாய் பயந்திருக்கிறார். பத்து நிமிஷம் பழகியதும் நடுவிரல் நடுங்க ஆரம்பித்தது.

அடுத்தது எலுமிச்சை. வாத்தியார் வழியில் வித்தையின் முடிவு எலுமிச்சம்பழம்தான். பந்தைத் தேடும் கண்களுக்கு மூன்று செப்புக்கடியிலும் மூன்று பழம். 40 மில்லிமீட்டர் பழம் பழைய செப்பில் சுகமாக உட்கார்ந்து எழுந்திருக்கும். புதியதில் சுவர் தடித்துவிட்டதால் பழம் மேலே போய்ச் சிக்கிக்கொண்டது. தட்டினேன், குலுக்கினேன், வரவில்லை. என் மனைவி கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, அதையே பிழிந்து சர்பத் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவதுதான் உண்மையான அடி. வழவழப்பு. செப்பைத் தூக்கித் தள்ளி வைக்கும் அந்த அரை விநாடியில் பந்து உள்ளே ஒரு இடத்தில் ஒட்டி நிற்க வேண்டும். பழைய செப்பில் நிற்கும். புதியதில் சறுக்கிக்கொண்டு முன்னாலேயே எட்டிப் பார்த்தது. பந்து பழசாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுப் பந்தைப் புதிதாகக் கட்டினேன். பழைய பருத்தி வேட்டிக் கிழிசலை நாடா நாடாகக் கிழித்து, ஒரே திசையில் சுற்றாமல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே சிவப்புத் துணி போட்டுத் தைத்தேன். முக்கால் அங்குலம், கொஞ்சம் தொய்வாக. இறுக்கிக் கட்டினால் விழும்போது சத்தம் வரும். "பந்து வாயத் திறக்கக் கூடாது" என்பது வாத்தியார் சொல். புதுப் பந்தும் சறுக்கியது. அப்புறம்தான் பழைய மாந்தலேயை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினேன். பாய் அவசரக்காரன் வேலை என்றாரே, அந்த உளி வரிகள், துணியின் இழையைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே மட்டும் ஆழமாக இருந்தன. விளிம்புப் பக்கம் வரியே இல்லை, வழவழதான். அவசரத்தில் விட்டவன் அப்படி இடம் பார்த்து விட்டிருக்க மாட்டான். இருபது வருஷமாகக் கையில் வைத்திருந்தும் அதை நான் விரலால் பார்த்ததில்லை.

பாயிடம் காட்டினேன். உள்ளே டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அட களவாணிப் பயலே" என்றார். என்னையா, செத்துப்போன கடைசல்காரனையா தெரியவில்லை.

இரண்டாம் தடவை தேக்கு. பழைய வீடு இடித்த உத்தரக்கட்டை, நன்றாக உலர்ந்தது. தேக்கு லேசு, ஆனால் உளியின் முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு செப்புக்குள் இரண்டு முறை சாணை பிடித்தார். சுவர் 4 மில்லிமீட்டர், கழுத்து 9, உள்ளே இடம் பார்த்து மூன்று வரி. 36 கிராம் வந்தது. கூலி 60,000 கியாட் கொடுத்தேன். படவுக் செப்புகளுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

மெல்லிய சுவர் வியர்வையிலும் மழைக்காற்றிலும் விரிசல் விடாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். வார்னிஷ் மேடை விளக்கில் பளபளத்து விரலின் நிழலையே திருப்பிக் காட்டும். பாகானில் கிண்ணம், பெட்டி, தட்டு எல்லாவற்றுக்கும் பூசுகிறார்களே, அந்தக் கறுப்புப் பூச்சு ஞாபகம் வந்தது. தமிழில் நாம் அரக்கு வேலை என்று சொல்லிவிடுகிறோம். அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது தித்சி, மரத்தைக் கீறி எடுக்கிற பால். பாகானில் 1924 முதல் இதற்கென்றே அரசு பள்ளி நடக்கிறது. அங்கே மியின்கபாவில் வேலை செய்யும் ஒருவரை நண்பர் மூலம் தெரியும். பஸ்ஸில் ஒரு சின்ன பாட்டில் அனுப்பினார். போனில், "கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸயா (வாத்தியாரே)" என்றும் சொன்னார். நான் கேட்டேனா?

மெல்லிய துணியில் தொட்டு வெளிப்பக்கம் மட்டும் பூசினேன். உள்ளே தொடவில்லை, அந்தப் பாடம் படித்தாயிற்று. பூசும்போது பழுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடித் தகரத்தில் வெயிலில் வைத்தேன். ஏப்ரல் வெயில். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். தொட்டால் விரலோடு வந்தது. அதே மூன்றாம் நாள் மணிக்கட்டில் அரிப்பு தொடங்கி, சாயந்தரம் கொப்புளமாகி, விரல்கள் வாழைக்காய் மாதிரி வீங்கின. இந்த மரப்பாலின் குணம் அது, பச்சையாகத் தோலில் பட்டால் விடாது. டாக்டர் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். இரண்டு நிகழ்ச்சி போயிற்று. கை வீங்கிய வித்தைக்காரனை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டாலும் நான் என்ன காட்டுவேன், கொப்புளமா?

வெட்கத்தை விட்டு மியின்கபாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தித்சி காய்வது வெயிலில் அல்ல, ஈரத்தில். ஈரக்காற்றிலிருந்துதான் அது கெட்டிப்படும். பாகான் மழை குறைந்த வறண்ட பூமி. அதனால் அங்கே பூசிய சாமான்களை நிலவறைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். ஒரு பூச்சுக்கு ஒரு வாரம், அப்புறம் தேய்ப்பு, அப்புறம் அடுத்த பூச்சு. நல்ல சாமான் முடிய மாசக்கணக்கு. "உங்களுக்கு நிலவறை எதற்கு, ரங்கூன் மழையே போதுமே" என்றார்.

ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்துவிட்டு ஜூன் வரை காத்திருந்தேன். இந்த ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். துவைத்த துணி மூன்று நாளாகியும் நாறும், அரிசியில் வண்டு வரும், மத்தளத் தோல் தொய்யும். அந்த ஈரத்தைத் திட்டாமல் இருந்த ஒரே வருஷம் அது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, முன்னைவிடப் பாதி அளவு மெலிதாகப் பூசி, வாய் அகன்ற மண்பானைக்குள் மூங்கில் குச்சியில் கவிழ்த்து நிறுத்தி, அடியில் ஈரச்சாக்கு போட்டு மூடினேன். எட்டாம் நாள் திறந்தால் நகம் பட்டும் கீறவில்லை. தேங்காய் நார்க் கரியைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். பளபளப்பு அடங்கியது. அப்படி நாலு பூச்சு. ஆகஸ்டில் வெளியே எடுத்தபோது கறுப்பு, ஆனால் முகம் தெரியாத கறுப்பு. விளக்கடியில் வைத்தால் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை. எடை 39. விரலிடுக்கில் வியர்வைக்குத் தனக்கா அரைத்துக் காயவைத்த பொடியைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்கிறேன். பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசுவதுதான். முகப்பவுடரைவிட நன்றாகப் பிடிக்கிறது, வெள்ளைத் தடமும் விழுவதில்லை.

இன்னும் ஒன்று மீதி இருந்தது, விளிம்பு. பழைய செப்புகளைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்தால் மூன்றுமே லேசாக ஆடும். என்னை நோக்கி இருக்கும் பக்கம் விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. புதியவை ஆடவில்லை. தட்டையாக உட்கார்ந்து, வைக்கும்போது டொக் என்று ஒரு சத்தமும் கொடுத்தன. அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் செப்பைச் சாய்க்கும் அளவு பாதியாகக் குறைகிறது. ஏன் சாய்க்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறேன். இது கடைந்தவன் வேண்டுமென்றே சீவியதா, அல்லது வாத்தியார் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்து தேய்ந்ததா? பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சீவியது என்றார். எனக்குத் தேய்ந்தது என்று படுகிறது. விரிப்பு விரித்துச் செய்வார் வாத்தியார், ஆனால் விரிப்பு இல்லாத சிமெண்டுத் தரையிலும் அதிகம் செய்திருக்கிறார்.

சண்டை தீர ஒரு வழி பண்ணினேன். ரங்கூனையும் மாந்தலேயையும் அரத்தால் ராவி, ராவிய இடத்தில் மட்டும் பூச்சு கொடுத்தேன். மோல்மேனைத் தட்டையாகவே விட்டுவிட்டேன், தானாகத் தேய்கிறதா பார்க்கலாம் என்று. அதன் டொக் சத்தத்தை "கப்பல் தட்டிருச்சு, இறங்குங்க" என்ற வசனத்தால் மூடுகிறேன். வாத்தியார் பேச்சில் இல்லாத வசனம். ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

முதல் அரங்கேற்றம் நவராத்திரியில், கோயில் மண்டபத்தில். பாதியில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரைத் தட்டி எழுப்புவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் போனில் டார்ச் அடித்துவிட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் செப்புக்காரனுக்கு மேலேயிருந்து வரும் வெளிச்சம் தோழன், கீழேயிருந்து வருவது சத்துரு. ராவிய இரண்டு செப்பின் இடுக்கு வழியாக ஒளி உள்ளே புகுந்து பின்பக்கம் கோடாக விழுந்தது. தட்டை மோல்மேன் மட்டும் இருட்டாக நின்றது. அன்றைக்குக் கடைசிப் பழம் மூன்றையும் மோல்மேனிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். ஒத்திகை பார்க்காதது. எப்படியோ வந்துவிட்டது. இப்போது வெளிச்சம் இருந்தாலும் அப்படித்தான் முடிக்கிறேன்.

மோல்மேன் விளிம்பை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 17 நிகழ்ச்சி, வீட்டுப் பழக்கம் தனி. வெர்னியரில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பாய் வாரத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். பந்தயம் ஒரு தட்டு பிரியாணி.